சிச்சுவான் சாப்பாடும் எங்கள் மகனின் கொப்பியும்



உயர்தரப் பெறுபேறு வந்தால் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். சீனாவுக்கு மருத்துவம் படிக்க அனுப்ப நினைக்கும் உம்மாமார், வாப்பாமார். கட்டணம், விசா, விடுதி எல்லாம் கேட்டு முடித்து, தேத்தண்ணியும் குடித்து, எழும்பும்போதுதான் அந்தக் கேள்வி வரும். "அங்க சாப்பாடு எப்படி சேர்? புள்ள என்னத்தத் தின்னும்?"

எங்கள் மூத்த மகன் சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரான செங்டுவில் படிக்கிறான். அவன் போய் ஒன்றரை வருடம் கழித்து, ஏப்ரல் விடுமுறையில், நாங்கள் இருவரும் அங்கு போய் 12 நாள் நின்று வந்தோம். வருகிறவர்களுக்கெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைப்போம் என்றுதான் இந்தப் பதிவைத் தொடங்கினோம். எழுத எழுத, சாப்பாட்டோடு வேறொரு விசயமும் சேர்ந்து வந்துவிட்டது. பதிவு நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் எங்கள் பெருமையைச் சொல்லிவிடுகிறோம்.

கல்முனைக் கரையோரத்தில் பிறந்த எங்களுக்கு உறைப்பு புதிதில்லை. கொச்சிக்காய்ச் சம்பல் இல்லாமல் பிட்டு இறங்காது. மகன் சின்ன வயதில் பச்சைக் கொச்சிக்காயைக் கடித்துக்கொண்டு சோறு தின்பான். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டிப் பெருமை பேசுவோம். ஆணம் உறைக்கிறது என்று யாராவது தண்ணீர் கேட்டால் அவரைப் பார்த்துச் சிரிப்போம். செங்டுச் சாப்பாடு உறைப்பாம் என்று கேள்விப்பட்டபோதும், எங்கட புள்ளைக்கு அது ஒரு கணக்கே இல்லை என்றுதான் சொன்னோம். ஊர் சைனீஸ் கடையில் 'செச்சுவான் ரைஸ்' என்று தருவார்களே, இனிப்புச் சேர்ந்த சிவப்புச் சோஸ் போட்டு, அதுதான் சிச்சுவான் சாப்பாடு என்றும் நினைத்திருந்தோம்.

எங்கள் இருவரில் மகனின் உம்மாவுக்குப் பத்து வருடமாக கேஸ்ட்ரிக். அதனால் போகும்போது இடியப்ப மா, மாசி, பிஸ்கட் எல்லாம் கட்டிக்கொண்டுதான் போனோம்.

போன இரண்டாம் நாள் மகனுக்குக் காலையில் வகுப்பு இருந்தது. "வாப்பா, நான் வரும் வரைக்கும் ரூம்ல இரிங்க. வந்து கூட்டிப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு பேருக்கும் சேர்த்து 50 வருடத்துக்கு மேல் ஆசிரிய சேவை. ஒரு சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிக்க முடியாதா என்று இறங்கி நடந்தோம். ஹலால் கடைப் பலகையில் இருக்கும் இரண்டு எழுத்தை முதல் நாளே மகன் காட்டித் தந்திருந்தான். 'ச்சிங் ஜென்' என்று வாசிப்பார்கள். தூய்மை, உண்மை என்று பொருள். சீன முஸ்லிம்கள் நடத்தும் கடைகளில் அந்த எழுத்தைக் காணலாம்.

கடை கிடைத்தது. மெனு ஒரு தாள். படம் இல்லை, வேண்டியதற்கு நேரே கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். போனை மேலே பிடித்து மொழிபெயர்த்தோம். ஒரு வரியில் 'தண்ணீரில் அவித்த மாட்டிறைச்சி' என்று வந்தது. கேஸ்ட்ரிக்காரருக்கு இதைவிட நல்ல சாப்பாடு உண்டா? அதற்கும் இரண்டு சோற்றுக்கும் கோடு போட்டோம்.

வந்தது ஒரு பெரிய கோப்பை. மேலே முழுக்கக் காய்ந்த கொச்சிக்காய், அதன் கீழே சிவப்பு எண்ணெய், இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இறைச்சி எங்கோ அடியில். ஆணம்தானே என்று, ஊரில் செய்வது போல இரண்டு கரண்டி அள்ளிச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தோம்.

முதல் கவளத்தில் உறைப்பு. அது எங்களுக்குத் தெரிந்த உறைப்புத்தான், கொஞ்சம் கூட. இரண்டாவது கவளத்தில் வேறொன்று நடந்தது. மகனின் உம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இஞ்சருங்க, உதடு விறைக்குது. நாக்கு இரிக்கிறதே விளங்கல்ல."

தண்ணீர் குடித்தால் தண்ணீருக்கே ஒரு மாதிரி ருசி. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்தபோது வாயில்தான் முதலில் விறைப்புத் தொடங்கியது. இருவருக்கும் அதுதான் ஞாபகம் வந்தது. பாசை தெரியாத நாட்டில், மகன் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அப்படி ஒரு பயம். கைநடுங்க அவனுக்கு அழைப்பு எடுத்தோம்.

கடைக்காரப் பெண் ஓடி வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். வெறும் சோறும் ஒரு போத்தல் சோயாப் பாலும் கொண்டுவந்து வைத்தார். தன் உதட்டைத் தொட்டுக் காட்டி "மா, மா" என்றார். உம்மா என்று கூப்பிடுகிறாராக்கும் என்று நாங்கள் நினைத்தோம்.

மகன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது விறைப்பு பெரும்பாலும் போயிருந்தது. "அது வருத்தம் இல்ல உம்மா. அதுக்குப் பேருதான் மா" என்றான்.

அன்று அந்த மேசையில் அவன் படிப்பித்தான். நாங்கள் மாணவர்கள்.

சிச்சுவான் உறைப்பு என்று நாங்கள் சொல்வது இரண்டு தனித்தனி விசயம். ஒன்று 'லா', அதாவது எரிவு. அது கொச்சிக்காயிலிருந்து வருவது. மற்றது 'மா', அதாவது விறைப்பு. அது 'ஹுவா ஜியாவ்' என்ற சின்னக் காய்ந்த கோதிலிருந்து வருவது. பார்த்தால் மிளகு போல இருக்கும், ஆனால் மிளகு இல்லை, கொச்சிக்காயும் இல்லை. தேசிக்காய், தோடம்பழம், எங்கள் கறிவேப்பிலை இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த செடி. கையில் வைத்து நசுக்கி மணந்து பார்த்தோம். தேசிக்காய்த் தோலின் வாசனை அடித்தது.

அதில் உள்ள ஒரு பொருள் உதட்டில் தொடுகையை உணரும் நரம்புகளை உசுப்பிவிடுகிறது. லண்டனில் 2013 இல் ஆராய்ந்தவர்கள், அது உதட்டில் செக்கனுக்கு ஏறத்தாழ 50 தடவை அதிர்வது போன்ற உணர்வைத் தருகிறது என்று கண்டார்கள். உண்மையில் உதடு அதிரவில்லை, அதிர்வதாக நரம்பு சொல்கிறது. சில நிமிடத்தில் தானாக அடங்கும். உதடு வீங்கினால், தோல் தடித்தால், மூச்சு முட்டினால் மட்டும் அது 'மா' இல்லை, ஒவ்வாமை. உடனே வைத்தியரிடம் போக வேண்டும் என்று மருத்துவ மாணவன் அழுத்திச் சொன்னான்.

கொச்சிக்காயின் எரிவு வேறு விதம். சூட்டையும் வலியையும் உணரும் நரம்பை அது தொடுகிறது. அந்தக் காரப் பொருள் தண்ணீரில் கரையாது. அதனால் தண்ணீர் குடித்தால் எரிவு வாய் முழுக்கப் பரவுமே தவிர அடங்காது. பால், தயிர், வெறும் சோறு உதவும். செங்டுவில் 'பிங்ஃபென்' என்று ஒரு குளிர்ந்த ஜெலி விற்பார்கள், கரும்புச் சீனிப் பாகு ஊற்றி. எங்களுக்கு அதுதான் பெரிய துணையாக இருந்தது.

இன்னொன்றும் சொன்னான். சீனத்தில் 'ஜியாவ்' என்று முடியும் மூன்று பெயர். ஹுவா ஜியாவ் அவர்களுடைய மண்ணில் விளைவது. 2000 வருடத்துக்கு மேலாக அவர்களுக்குத் தெரிந்தது. 'ஹூ ஜியாவ்' எங்கள் கறுப்பு மிளகு. பெயரிலுள்ள 'ஹூ' என்ற எழுத்தே அது வெளியிலிருந்து வந்தது என்று சொல்கிறது. 'லா ஜியாவ்' கொச்சிக்காய். அது அமெரிக்காக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. 1591 ஆம் ஆண்டுச் சீன நூல் ஒன்றில் கொச்சிக்காயைப் பார்க்க அழகான செடி என்று எழுதியிருக்கிறார்கள். சிச்சுவான் சமையலில் அது ஊறிப்போனது அதற்கும் வெகுகாலம் பின்னர். எங்களுக்கும் அதைக் கொண்டுவந்தது போர்த்துக்கேயர் காலத்துக் கப்பல்கள்தான். பரம்பரைச் சொத்து என்று நாங்கள் பெருமை பேசிய உறைப்பு, இரண்டு ஊருக்கும் விருந்தாளியாக வந்தது.

சரி, பெயரைப் பார்த்து ஏமாந்த கதைக்கு வருவோம். நாங்கள் கோடு போட்ட 'தண்ணீரில் அவித்த மாட்டிறைச்சி'யின் பெயர் 'ஷுயி ஜூ நியூ ரோ'. பெயரில் தண்ணீர் இருக்கிறது, கோப்பையில் இருப்பது எரிவும் விறைப்பும். அதற்கு நேர்மாறாக 'கொதிநீர்க் கோவா' என்று ஒரு சாப்பாடு இருக்கிறது. சிச்சுவானின் மிகப் புகழ்பெற்ற சாப்பாடுகளில் ஒன்று. தெளிந்த தண்ணீரில் கோவா கிடப்பது போலத் தெரியும். அந்தத் தண்ணீர் பல மணித்தியாலம் காய்ச்சித் தெளியவைத்த சூப். ஒரு துளி உறைப்பும் இல்லை. ஆனால் கவனம், சாதாரணக் கடைகளில் அந்தச் சூப்பில் கோழியோடு பன்றி இறைச்சியும் சேர்ப்பது வழமை. உறைக்காதது எல்லாம் எங்களுக்கு ஆகுமானது என்று எடுத்துவிடாதீர்கள்.

'மீன் வாசனைக் கத்தரிக்காய்' என்று மெனுவில் வரும். அதில் மீன் இல்லை. ஊறவைத்த கொச்சிக்காய், இஞ்சி, உள்ளி, வெங்காயத்தாள், சீனி, வினாகிரி சேர்த்த ஒரு சுவைக்கு அந்தப் பெயர். புளிப்பும் இனிப்புமாக, லேசான உறைப்போடு இருக்கும். எங்கள் வாய்க்கு முதல் நாளே பிடித்தது அதுதான். சாதாரணக் கடையில் அதிலும் பன்றிக் கொத்திறைச்சி போடுவார்கள். ஹலால் கடையில் அதில்லாமல் கிடைக்கும்.

'கணவன் மனைவி நுரையீரல் துண்டு' என்று ஒன்றைப் பார்த்து மகனின் உம்மா சிரித்தே விட்டார். 1930களில் செங்டுவில் ஒரு கணவனும் மனைவியும் விற்றுப் பிரபலமான சாப்பாடு. மாட்டு இறைச்சி, நாக்கு, குடல் வகைகளை மெல்லிசாகச் சீவிக் கொச்சிக்காய் எண்ணெயில் பிரட்டியது. இப்போது அதில் பொதுவாக நுரையீரலே இருப்பதில்லை. 'மாபோ டோஃபு' 1862 இல் தொடங்கிய செங்டுக் கடையொன்றோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அம்மைத் தழும்புள்ள மூதாட்டியின் டோஃபு என்று பொருள். பழைய முறைப்படி அதில் சேர்ப்பது மாட்டுக் கொத்திறைச்சி. அவரை விதையும் கொச்சிக்காயும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த ஒரு கூட்டுத்தான் அதன் சிவப்புக்கும் ருசிக்கும் காரணம். மேலே ஹுவா ஜியாவ்த் தூள் தூவி வரும். தூளைத் தூவாமல் தரச் சொன்னால் விறைப்பு பெருமளவு குறையும்.

சிச்சுவான் சமையல்காரர்கள் 24 வகைச் சுவைக் கூட்டு இருப்பதாகப் படிப்பிப்பார்கள். எரிவும் விறைப்பும் சேர்ந்தது அதில் ஒன்று. இஞ்சிச் சாறும் வினாகிரியும் சேர்ந்தது இன்னொன்று. உள்ளிச் சுவை, இனிப்புப் புளிப்புச் சுவை, உப்பும் வாசனையும் மட்டுமான சுவை என்று பட்டியல் போகும். செங்டுவை 2010 இல் யுனெஸ்கோ உணவுக் கலை நகரமாக ஏற்றுக்கொண்டது வெறும் எரிவுக்காக இல்லை என்று அங்கு போன பிறகுதான் விளங்கியது. கேஸ்ட்ரிக்காரருக்கும் அங்கு சாப்பாடு இருக்கிறது. கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

அதற்கு நாங்கள் படித்தவை இவை.

முதலாவது, சிவப்பைப் பார்த்து அளக்காதீர்கள். கோப்பை நிறையக் காய்ந்த கொச்சிக்காயோடு பொரித்த கோழி வரும். அந்தக் கொச்சிக்காய் தின்பதற்கு இல்லை, வாசனைக்குப் போட்டது. கோழியை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். சிவப்பு எண்ணெயில் மிதப்பதை எடுத்து, எண்ணெயை வடியவிட்டுச் சாப்பிட வேண்டும். நாங்கள் செய்தது போல ஆணம் என்று சோற்றில் ஊற்றக் கூடாது. மறுபக்கம், வெள்ளையாகத் தெரியும் சாப்பாட்டில் ஊறவைத்த சின்னக் கொச்சிக்காய் ஒளிந்திருக்கும். அது காய்ந்த சிவப்பைவிடக் கடுமை.

இரண்டாவது, எரிவின் அளவைச் சொல்ல நான்கு சொல். 'பூ லா' என்றால் உறைப்பு வேண்டாம். 'வெய் லா' கொஞ்சம். 'ஜோங் லா' நடுத்தரம். 'தெ லா' கடுமை. செங்டுக்காரரின் கொஞ்சம் வேறு, எங்கள் கொஞ்சம் வேறு. உறைப்புப் பழகியவர்களும் முதல் வாரம் வெய் லாவோடு நின்றுகொள்ளுங்கள்.

மூன்றாவது, விறைப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். எரிவைக் குறைக்கச் சொன்னால் விறைப்பும் குறையும் என்று நம்பக் கூடாது. 'பூ யாவ் ஹுவா ஜியாவ்' என்றால் ஹுவா ஜியாவ் வேண்டாம். 'ஷாவ் ஃபாங்' என்று முன்னால் சேர்த்தால் குறைத்துப் போடுங்கள். எங்கள் உச்சரிப்பு அவர்களுக்கு விளங்காது. சீனத்தில் ஒரே சொல் ஏற்ற இறக்கத்தில் பொருள் மாறும். அதனால் எழுத்திலேயே போனில் வைத்திருந்து காட்டுவதுதான் நல்லது. முன்கூட்டிச் செய்து வைத்த குளிர்ந்த வகைகளிலும், கொதிக்கவைத்த சட்டிகளிலும் மாற்ற முடியாது. உடனே பிரட்டித் தருபவற்றில் மாற்றித் தருவார்கள். எது முடியும் என்று கேட்டுவிட்டே கோடு போடுங்கள்.

நான்காவது, ஹலால். எழுத்து இருக்கும் கடையே பாதுகாப்பு. இல்லாத இடத்தில் 'ஜூ ரோ' பன்றி இறைச்சி, 'ஜூ யோ' பன்றிக் கொழுப்பு, 'லியாவ் ஜியோ' சமையல் மது. மரக்கறிப் பிரட்டலில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் வழக்கம் உண்டு. இறைச்சி இல்லைதானே என்று நினைத்துவிடக் கூடாது. நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைகள் 'கோங்பாவ்' கோழியிலும் கவனம், அதில் கடலை கட்டாயம் இருக்கும்.

ஐந்தாவது, ஒரு மேசைக்கு ஒரு சாப்பாடு என்று வாங்காதீர்கள். அங்கு எல்லோரும் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவார்கள், எங்கள் சஹன் மாதிரி. ஒரு கடுமையானது, ஒரு இனிப்புப் புளிப்பு, ஒரு கீரைப் பிரட்டல், ஒரு தெளிந்த சூப், சோறு. கடுமையானதில் இரண்டு துண்டு தின்றால் அடுத்தது கீரை, அடுத்தது சூப். அப்படித் தின்றால் உறைப்பு ஒரு ருசியாகத் தெரியும். அதை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு தின்றால் தண்டனைதான்.

இதையெல்லாம் இவ்வளவு ஒழுங்காக எங்களுக்குச் சொன்னவன் எங்கள் மகன். இவன் எப்போது இதெல்லாம் படித்தான் என்று எங்களுக்குப் பெருமை. ஐந்தாம் நாள் அதற்கும் விடை கிடைத்தது.

அவன் வகுப்புக்குப் போயிருந்தான். மேசையைத் துப்புரவாக்கும்போது ஒரு பழைய கொப்பி. ஊரில் நாங்கள் வாங்கிக் கொடுத்து அனுப்பிய அதே ஒற்றை ரூல் கொப்பி. பிள்ளைகளின் கொப்பியைக் கண்டால் திருப்பிப் பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். திருத்துவது போலவே முதல் பக்கத்திலிருந்து திருப்பினோம்.

முதல் பக்கங்களில் செலவுக் கணக்கு. ஒவ்வொரு நாளும் திகதி போட்டு எழுதியிருந்தான். முட்டை 2, பாண், வாழைப்பழம். அடுத்த நாள் முட்டை 2, பாண், வாழைப்பழம். அடுத்த நாளும். பக்கத்தைத் திருப்பினால் அதுவேதான். எண்ணினோம். 67 நாள். இடையில் எங்கோ ஒரு நாள் மட்டும் பிஸ்கட்.

அந்த 67 இரவும் நாங்கள் அவனோடு வீசாட்டில் கதைத்திருக்கிறோம். அங்கு எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தி. நாங்கள் இஷா தொழுதுவிட்டு எடுக்கும்போது அவன் படுக்கப் போகிற நேரம். "சாப்பிட்டியா மனே?" என்று கேட்போம். "ஓம் உம்மா, நல்லாத் திண்டன்" என்பான். "உறைப்புப் போதுமா?" என்று சிரித்துக்கொண்டு கேட்போம். "போதும் வாப்பா" என்பான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு நாங்கள் தூங்கியிருக்கிறோம்.

68வது நாளிலிருந்து கொப்பி மாறுகிறது. கோணல் மாணலாக ஒரு சீன எழுத்து, பக்கத்தில் தமிழில் 'லா'. அதன் கீழே 'பூ லா'. பக்கத்தில் 'நூடில்ஸ் கடை அப்பா சொல்லித் தந்தது'. அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கமும் சொற்கள். வெய் லா. ஹுவா ஜியாவ். ஷாவ் ஃபாங். எங்களுக்கு அவன் மேசையில் படிப்பித்த பாடம் முழுவதும் அந்தக் கொப்பியில் இருந்தது.

அவன் வந்தபோது கொப்பி மேசையில் திறந்தே இருந்தது. அவனுக்கு விளங்கிவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை.

"ஏன் மனே சொல்லல்ல?"

"முதல் கிழமையே ஒரு கடையில திண்டுட்டு வாய் விறைச்சிப் போச்சி. ரெண்டு நாள் வயிறும் சரியில்ல. எதுல என்ன இரிக்கிண்டு தெரியாது. எப்படிக் கேக்கிறண்டும் தெரியாது. அதான் முட்டை."

"எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே."

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "உறைப்புத் தாங்க ஏலாம இரிக்கிண்டு சொன்னா நீங்க சிரிப்பீங்க வாப்பா."

உறவுகளே, எங்களுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. விருந்தாளிகள் தண்ணீர் கேட்டபோது நாங்கள் சிரித்த சிரிப்பை அந்தப் பிள்ளை சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கொச்சிக்காயைக் கடித்துக் காட்டச் சொல்லி அவனை முன்னால் நிறுத்தியதும் நாங்கள்தான்.

வகுப்பில் எத்தனை வருடம் நாங்கள் கேட்டிருப்போம், "விளங்கிச்சா?" என்று. "ஓம் சேர்" என்று நாற்பது குரல் வரும். கொப்பியைத் திருத்தும்போதுதான் தெரியும், யாருக்கு விளங்கவில்லை என்று. விளங்கவில்லை என்று சொன்ன பிள்ளையைப் பார்த்து ஒரு தடவை வகுப்பு சிரித்துவிட்டால், அந்தப் பிள்ளை அந்த வருடம் முழுக்க "ஓம் சேர்"தான். இது எங்களுக்குத் தெரியும். ஆசிரியர் பயிற்சியில் மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறோம். எங்கள் சொந்த வீட்டில் தெரியவில்லை.

அடுத்த நாள் அந்த நூடில்ஸ் கடைக்கு அவனோடு போனோம். அங்கு மாட்டிறைச்சிச் சூப்பில் கையால் இழுத்த நூடில்ஸ் தருவார்கள். கொச்சிக்காய் எண்ணெய் கடைசியில்தான் ஊற்றுவார்கள். வயதான முதலாளி, தலையில் வெள்ளைத் தொப்பி. ஒருநாள் மகன் கடை வாசலில் நின்று உள்ளே வராமல் திரும்பப் போனதைக் கண்டு அவர்தான் கூப்பிட்டாராம். எண்ணெய்ச் சாடியைத் தூக்கிக் காட்டி, ஊற்றவா என்று சைகையால் கேட்டாராம். மகன் தலையாட்டி மறுத்திருக்கிறான். "பூ லா" என்று அவர் சொல்லிக் கொடுத்து, திருப்பிச் சொல்லவைத்து, பிறகுதான் கோப்பையைத் தந்தாராம். அவர் சிரிக்கவில்லையாம். அதை மகன் இரண்டு தடவை சொன்னான்.

நாங்கள் அவருக்கு ஸலாம் சொன்னோம். அவரும் சொன்னார். எங்களுக்கிடையில் இருந்த பாசை அவ்வளவுதான். மகனின் உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, உறைக்கிறதாக்கும் என்று அவர் அவசரமாக எண்ணெய்ச் சாடியை அப்பால் எடுத்து வைத்தார்.

கடைசி நாள் இரவு மகன் எங்களை ஒரு ஹலால் ஹொட்பொட் கடைக்குக் கூட்டிப் போனான். மேசை நடுவில் அடுப்பு, அதில் ஒரு சட்டி. நடுவால் தகடு போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் மாட்டுக் கொழுப்பில் கொச்சிக்காயும் ஹுவா ஜியாவும் கொதிக்கும் சிவப்பு. மறுபக்கம் தெளிந்த சூப். அதற்கு 'யுவான்யாங்' சட்டி என்று பெயர். சோடி பிரியாதது என்று அவர்கள் நம்பும் ஒருவகை வாத்தின் பெயர், கணவன் மனைவிக்கு அடையாளமாகச் சொல்வார்கள். இறைச்சி, காளான், கீரை எல்லாம் பச்சையாக வரும். விரும்பிய பக்கத்தில் அமிழ்த்தி வேகவைத்து, நல்லெண்ணெயில் நசுக்கிய உள்ளி போட்ட சின்னக் கோப்பையில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். அந்த எண்ணெய் எரிவைக் கொஞ்சம் அடக்கும். கீரையைச் சிவப்புப் பக்கத்தில் போடாதீர்கள், இலை முழுவதும் எண்ணெயையும் உறைப்பையும் பிடித்துக்கொண்டு வரும்.

மகனின் உம்மா தெளிந்த பக்கம். மற்றவர் சிவப்புப் பக்கம் தொடங்கி, பாதியில் தெளிந்த பக்கம் வந்துவிட்டார். "எனக்கு ஏலாது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டே வந்தார். மகன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரித்தான். அவன் இப்போது இரண்டு பக்கமும் சாப்பிடுகிறான்.

வயிற்றுப் புண் பற்றியும் அன்று கேட்டோம். புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் ஒரு பக்டீரியாவும் சில வலி மாத்திரைகளும்தான், கொச்சிக்காய் இல்லையாம். ஆனால் இருக்கிற எரிவைச் சிலருக்கு அது கூட்டும். அதனால் உம்மா தெளிந்த பக்கமே இருக்கட்டும் என்றான்.

பிள்ளைகளை அனுப்பப் போகும் உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் எங்களிடம் உள்ளது இவ்வளவுதான். மேலே எழுதிய சொற்களைப் பிள்ளை இங்கிருந்து போகும் முன்பே பாடமாக்கட்டும். எழுத்தில் போனில் இருக்கட்டும். மாசியும் மாவும் கொடுத்து அனுப்புங்கள், அது ஒரு மாதத்துக்கு வரும். இரவில் அழைப்பு எடுத்தால் "சாப்பிட்டியா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "ஓம்" என்றுதான் பதில் வரும். "இன்டைக்கு என்ன சாப்பிட்ட?" என்று கேளுங்கள். நேற்றும் முட்டை, இன்றும் முட்டை என்றால் அப்போதே தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு இனி யார் வந்து, ஆணம் உறைக்கிறது, தண்ணீர் தாங்க என்று கேட்டாலும் நாங்கள் சிரிப்பதில்லை. தயிர் எடுத்து வைக்கிறோம்.

தூர தேசத்தில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளின் வயிறும் மனமும் நிறைய அல்லாஹ் துணை செய்வானாக. போகப் போகும் பிள்ளைகள் யாருக்காவது அந்தச் சொற்கள் எழுத்தில் வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள். கொப்பியை மகன் எங்களிடமே தந்து அனுப்பிவிட்டான்.